ஒரு வருஷம் வரைக்கும் வைத்திரு

பெட்டி இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தது.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தது அந்த 'பீப்… பீப்'. வீட்டு நடையில், செருப்பு அலமாரிக்கு மேல் தட்டில் உட்கார்ந்திருக்கிற கறுப்புப் பெட்டி அது. குடும்பத்துப் போட்டோ, வீடியோ, வாசல் கேமராவின் பதிவு எல்லாம் அதற்குள்தான். எந்த அறையில் இருந்தாலும் போனிலோ கம்ப்யூட்டரிலோ அதற்குள் எட்டிப் பார்க்கலாம். உள்ளே இரண்டு டிஸ்க். ஒன்று செத்துவிட்டது. இன்னொன்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறது. அந்தச் சேதியைத்தான் பெட்டி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. சின்னவன் ஏதோ தட்டி வாயை அடைப்பான். மறுநாள் காலை மறுபடி ஆரம்பித்துவிடும்.

அதை வாங்கி வைத்தவர் அப்பாதான். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கியவர் குடியிருந்த கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது, மூன்று மாடியும் படிதான். அந்தக் கேலியை அவரே ஆயிரம் தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அவர் போய் இன்றோடு ஒரு வருஷம்.

காலையில் வேலைக்கென்று கிளம்பினவர். ஊரின் அந்தக் கோடியில் இருக்க வேண்டியவர். தெருமுனைப் பஸ் ஸ்டாப்பில், மருந்துக் கடைக்கு எதிரே, பெஞ்சில் சாய்ந்தபடி போயிருந்தார். தூங்குகிறார் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தார்களாம். அங்கே எதற்கு வந்தார்? அந்தக் கேள்வி ஒரு வருஷமாக இந்த வீட்டில் சாப்பாட்டு மேஜையில் கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறது. அவருடைய நெஞ்சு மாத்திரை டப்பாவும் அதே மேஜையில்தான் இருக்கிறது. அன்றைக்கு மறந்து வைத்துப் போனது. அம்மா அதை இடம் மாற்றவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெட்டி காலையில் விழித்துக்கொள்ளும்போது உள்ளே டிஸ்க் சுற்ற ஆரம்பித்து 'க்ர்ர்… க்ரக்' என்று ஒரு சத்தம் வரும். அவர் குளியலறையிலிருந்து வெளியே வரும் முன் தொண்டையைச் செருமுவது அச்சாக அப்படித்தான் இருக்கும். அம்மா அடுப்படியிலிருந்தே, "வரேன், வரேன்" என்பாள். முதல் சில நாள் தன்னை மறந்து சொன்னாள். அப்புறம் தெரிந்தே சொன்னாள். போன வாரம் இதைக் கேட்டுவிட்ட பெரியவளுக்குக் கை காலெல்லாம் சில்லிட்டுப் போய்விட்டது. புதுப் பெட்டி வாங்கியே தீர வேண்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெரியவள் பள்ளிக்கூட நூலகர். கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். எதையும் எண் போட்டு அடுக்கி வைக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. சின்னவன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அப்பா போன பிறகு வேறு கம்பெனிக்கு மாறியிருக்கிறான். அம்மாவோடு இருக்கிறான். இன்றைக்கு இரண்டு பேரும் லீவு போட்டிருந்தார்கள். அப்பா நாள், வீட்டில் இருப்போம், அப்படியே கடைக்கும் போய் வந்துவிடுவோம் என்று பேச்சு.

பிள்ளைகள் இரண்டும் வீட்டில் இருந்தது அம்மாவுக்குச் சங்கடமாக இருந்தது. ஏன் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மா பல் செட் செய்கிற லேபில் வேலை செய்கிறவள். முகம் தெரியாத மனிதர்களின் தாடை அச்சை மேஜையில் வரிசையாக வைத்துக்கொண்டு, மெழுகில் பல் பல்லாக நட்டு வைப்பாள். நிதானம் அவள் கையோடு பிறந்தது. அந்த நிதானத்தோடுதான் ஒரு வருஷமாக அவள் ஒரு காரியம் செய்துவந்தாள். சின்னவன் வேலைக்குக் கிளம்பின பிறகு கம்ப்யூட்டர் முன் உட்காருவாள். பெட்டிக்குள் கேமரா பதிவு இருக்கும் இடத்தைத் திறப்பாள். போன வருஷம், இதே தேதி. அவர் காலையில் வாசலைத் தாண்டிப் போவார். சாயங்காலம் திரும்பி வருவார். அந்த இரண்டையும் மட்டும் பார்ப்பாள். மற்றவர்கள் வருவதும் போவதும் அவளுக்கு வேண்டாம். அடுத்த நாளைத் திறந்து பார்த்ததே இல்லை. ஒரு நாளைக்கு ஒரு நாள்தான். அதில் அவள் படு கறார்.

போன வருஷம் நேற்று சாயங்காலம் அவர் கையில் ஒரு பை நிறையப் பழம் கொண்டுவந்தார். கேமராவைப் பார்த்து ஒன்றைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே வந்தார். எல்லாம் உள்ளே வருகிறவரைக்கும்தான் தெரியும். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குள் இருக்கிறார் என்று அம்மா வைத்துக்கொள்வாள். ராத்திரி முழுக்க அந்த நினைப்பு ஓடும்.

இன்றைக்குப் போகிறவர் திரும்பி வர மாட்டார். தெரியும். அதற்கும் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். வருஷம் திரும்பினதும் முதலிலிருந்து ஆரம்பித்துவிடலாம். நாளைக்கு மறுபடி முதல் நாள். மறுபடி அவர் கிளம்புவார், மறுபடி வருவார். பெட்டியில்தான் எல்லாம் இருக்கிறதே!

"அம்மா, கிளம்பலாமா?" என்றாள் பெரியவள்.

"நானும் வரணுமா?"

"நீ வராம? யாருக்கு வாங்கறோம்?"

சின்னவன் ஷூவைக் கட்டிக்கொண்டே, "அம்மா எதுக்கு, நாம போயிட்டு வந்துடலாமே" என்றான். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

*

கடையை நடத்துகிறவள் ஒரு பெண். அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் 'டிஸ்க் அக்கா'தான். கண்ணாடி மேஜைக்கு அடியில் ஸ்க்ரூவும் வயரும் குவிந்து கிடந்தன. வாய் ஓயாது. பேசிக்கொண்டே மூன்று பெட்டியை எடுத்து மேஜையில் வைத்துவிட்டாள்.

"ரெண்டு டிஸ்க் போடற பெட்டி, நாலு டிஸ்க் போடற பெட்டி. பெட்டி எதுவா இருந்தாலும் தகரம்தான். உள்ள இருக்கற மூளை யாரோடதுங்கறதுதான் விஷயம். ரெடிமேடா வாங்கினா கம்பெனிக்காரனே சாஃப்ட்வேர் குடுக்கறான். மாட்டினா போதும், போன்ல பேர் குடுத்தா போதும், வேலை முடிஞ்சுது."

"எனக்கு அது வேண்டாம்," என்றான் சின்னவன். "ஆபீஸ்ல பழைய கம்ப்யூட்டர் சும்மா தர்றாங்க. அதுல இலவச சாஃப்ட்வேர் ஒண்ணைப் போட்டுட்டா நம்ம இஷ்டத்துக்கு எல்லாம் வெச்சுக்கலாம். கம்பெனிக்காரன் நாளைக்கு இந்த மாடலுக்கு அப்டேட் கிடையாதுன்னு கையை விரிச்சா?"

"உன் இஷ்டத்துக்கு வெச்சுப்பே," என்றாள் பெரியவள். "அப்புறம் நாங்க? அப்பாவும் இப்படித்தான் எல்லாத்தையும் தன் கைக்குள்ளயே வெச்சுக்கிட்டார். அவர் போனப்புறம் பாஸ்வேர்ட் தெரியாம நாம பட்ட பாடு மறந்துபோச்சா? பெட்டி இருந்துச்சு, உள்ள அவர் இருந்தார், நம்மால திறக்க முடியலை. வாசல்ல நின்னு தட்டற மாதிரி இருந்துச்சுடா."

சின்னவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மேஜையில் கிடந்த ஒரு ஸ்க்ரூவை எடுத்து உருட்ட ஆரம்பித்தான்.

"சண்டை போடாதீங்க," என்றாள் டிஸ்க் அக்கா. "நான் எல்லார்கிட்டயும் கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு. வாங்கிட்டுப் போனப்புறம் தினம் இதைத் திறந்து பார்க்கப் போறது யாரு? அவங்களுக்கு எது கைக்கு வருதோ அதை வாங்குங்க."

பிள்ளைகள் இரண்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டன. தினமா? யார் திறக்கிறார்கள்?

"நான்," என்றாள் அம்மா.

"நீயா!" பெரியவளுக்கு வியப்புத் தாங்கவில்லை. "நீ என்னம்மா பார்க்கறே?"

"சும்மா. போட்டோ கீட்டோ."

டிஸ்க் அக்காவுக்கு வியாபாரம் கைகூடிவிட்டது. "அப்போ ரெடிமேடுதான். அம்மாவுக்குப் பெரிய எழுத்தா வெச்சுத் தரேன். வாசல் கேமரா பதிவையும் இதுலயே விடணுமா?"

"ஆமா," என்றாள் அம்மா.

"வேண்டாம்," என்றான் சின்னவன்.

இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன. பெரியவள் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்டா வேண்டாம்?"

"இடத்தை அடைக்கும். பால் போடறவரும் பக்கத்து வீட்டுப் பூனையும் வந்து போறதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம்? பழசை எடுத்துக்கிட்டு வரவும் வேண்டாம். புதுசா ஆரம்பிக்கலாம்." மென்று விழுங்கிப் பேசினான். 

"அதெல்லாம் ஒண்ணும் அடைக்காது," என்றாள் டிஸ்க் அக்கா. "எத்தனை நாள் வேணும்னு சொன்னா போதும். அதுக்கு மேல பழசானதை அதுவே அழிச்சுக்கும். இப்போ உங்க வீட்டுப் பெட்டியில எவ்வளவு வெச்சிருக்கீங்க?"

"ஒரு வருஷம்," என்றாள் அம்மா. அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவர்தான் அமைத்தார். 'ஒரு வருஷம் வரைக்கும் வைத்திரு' என்று அதில் ஒரு வரி இருக்கும், அதற்குப் பக்கத்தில் ஒரு டிக். 'அதுக்கு முன்னாடி நம்ம வாசலுக்கு யார் வந்தா என்ன, வராட்டி என்ன' என்று சொல்லிச் சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

சிரித்தது ஞாபகம் இருந்தது. சொன்னது என்னவென்று இப்போதுதான் மண்டையில் ஏறியது.

"அழிச்சுக்கும்னா… தினமுமா?"

"தினமும்தான் அம்மா. காலையில விடிஞ்சதும் முதல் வேலையா, வருஷம் தாண்டின ஒரு நாளைத் தூக்கிப் போட்டுடும்."

"அப்போ நேத்துப் பார்த்தது?"

"போன வருஷத்து நேத்தா? இன்னிக்குக் காலையில போயிருக்கும்."

"முந்தாநாள் பார்த்தது?"

"அதுவும்தான்."

அம்மா மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். காலையில் பெட்டி செருமும் நேரம் அது. 'வரேன், வரேன்' என்று அவள் பதில் சொல்லும் நேரம். ஒவ்வொரு நாளும் அவள் பதில் சொல்லச் சொல்ல, அது அவரை ஒரு நாள் ஒரு நாளாக வாசலிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறது.

"ரெண்டு டிஸ்க் இருக்கே," என்றாள். "ஒண்ணுல போனாலும் இன்னொண்ணுல இருக்குமில்ல? அவர் சொல்வார், ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும்னு."

டிஸ்க் அக்காவின் வாய் முதல் தடவையாக வேகம் குறைந்தது. "அது டிஸ்க் உடைஞ்சா காப்பாத்தும்மா. ரெண்டும் ஒரே மாதிரி எழுதும், அழிச்சா ரெண்டும் சேர்ந்து அழிக்கும். தனியா ஒரு காப்பி எடுத்து வெச்சிருந்தாதான் உண்டு. நிறையப் பேர் இதுலதான் ஏமாந்துடறாங்க."

"எங்க போயிருக்கும்?"

"எங்கயும் இல்லம்மா. அது மேலயே வேற எழுதியிருக்கும்."

பெரியவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அம்மாவின் தோளைச் சேர்த்துப் பிடித்தாள். "அப்பாவையா பார்த்துக்கிட்டிருந்தே? தினமுமா? ஏம்மா எங்ககிட்ட சொல்லலை?"

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதல் வாரத்திலேயே பெரியவள் காப்பி எடுத்து, எண் போட்டு, அடுக்கி வைத்திருப்பாள். தனக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டதால் ஒரு வருஷமும் போனது. அம்மாவுக்கு அழுகை வந்தது, கூடவே தன் மேலேயே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"இன்னிக்கு நாள் இருக்கா?" என்றாள். "போன வருஷம் இன்னிக்கு. அது இருக்கா?"

"இருக்கும். நாளைக்குக் காலையில போயிடும். அந்த டிக்கை எடுத்துட்டா போகாது. போன்லயே எடுக்கலாம், யார்கிட்ட பாஸ்வேர்ட் இருக்கு?"

எல்லோரும் சின்னவனைப் பார்த்தார்கள். அவர் போன பிறகு பெட்டியைப் பாடுபட்டுத் திறந்து, பாஸ்வேர்டை மாற்றியவன் அவன்தான். அமைப்பையெல்லாம் மாற்ற அவனால்தான் முடியும். அம்மாவுக்குப் பார்க்க மட்டும் திறந்து வைத்திருந்தான்.

"போன்ல சார்ஜ் இல்லை," என்றான். "வீட்டுக்குப் போய்ப் பண்றேன்."

போன் அவன் கையில் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. பெரியவள் கவனிக்கவில்லை. அவள் டிஸ்க் அக்காவிடம் நாலு டிஸ்க் போடும் ரெடிமேட் பெட்டியே இருக்கட்டும், தனிக் காப்பிக்கு வெளியே மாட்டுகிற டிஸ்க் ஒன்றும் வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டாள். அம்மா கவனித்தாள்.

"டிஸ்கெல்லாம் மாட்டிச் சரிபார்த்துக் குடுங்க, நான் இருந்து வாங்கிட்டு வரேன்," என்றாள் பெரியவள். "டேய், நீ அம்மாவைக் கூட்டிட்டுப் போ. முதல்ல அந்த டிக்கை எடு."

*

வழியில் பஸ் ஸ்டாப் பெஞ்சைத் தாண்டும்போது சின்னவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஒரு வருஷமாக அவன் அப்படித்தான் தாண்டுகிறான். அப்பா மேல் அவ்வளவு பாசம் என்று அம்மா நினைத்திருந்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து பெட்டியின் அமைப்புகளைத் திறந்தான். 'ஒரு வருஷம் வரைக்கும் வைத்திரு.' பக்கத்தில் டிக். அம்பைக் கொண்டுபோய் அதன் மேல் வைத்தான். வைத்தபடியே இருந்தான்.

"எடுடா."

"நானா அழிக்கலைம்மா," என்றான்.

"எதை?"

"நினைச்சிருந்தா எப்பவோ அழிச்சிருக்கலாம். என் கையிலதான் இருந்துச்சு. கை வரலை. வருஷம் ஆனா அதுவா போயிடும், போகட்டும்னு இருந்தேன்." எழுந்துகொண்டான். கண் சிவந்திருந்தது. "நீ பாரு. முழுசாப் பாரு. பார்த்துட்டு உனக்கு வேணும்னா இந்த டிக்கை எடுத்துட்டு 'சேமி'ன்னு இருக்கறதை அழுத்து."

"டேய், என்னடா பேசறே? எங்க போறே?"

செருப்புக்கூட மாட்டாமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். படியில் அவன் இறங்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

நடையில் பெட்டி ஒரு தடவை 'க்ரக்' என்றது. இந்தத் தடவை அவள் பதில் சொல்லவில்லை.

போன வருஷம், இதே தேதியைத் திறந்தாள்.

அவர் போனார். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு. எப்போதும் போலத்தான். அடுத்ததில் அவளே கதவைத் தாண்டினாள். தன்னையே பார்க்க அவளுக்கு என்னவோ போல் இருந்தது. அடுத்தது சின்னவன், ஆபீஸ் பையோடு.

வழக்கமாக இத்தோடு சாயங்காலத்துக்குத் தாவுவாள். இன்றைக்குச் சாயங்காலம் இல்லை. அதனால் அடுத்ததைத் திறந்தாள்.

சின்னவன் திரும்பி வந்தான். ஒரு கள்ளனைப் போலப் படியை எட்டிப் பார்த்துவிட்டு, நீலப் பட்டை போட்ட ஷூவை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, தன் சாவியால் திறந்து உள்ளே போனான்.

அம்மாவுக்குப் புரியவில்லை. அன்றைக்கு அவன் ஆபீசில் இருந்தான் அல்லவா? அங்கே போன் பண்ணித்தானே சேதி சொன்னார்கள்? யோசித்துப் பார்த்தாள். ஆபீசுக்கு இல்லை. அவனுடைய கைபேசிக்கு.

அடுத்தது.

அவர் வந்தார். மூன்று மாடி ஏறி, கைப்பிடியைப் பிடித்தபடி. கருவிப் பையைக் கீழே வைத்தார். இடது கை தாடையைத் தடவிக்கொண்டிருந்தது. வேறு யாராவது பார்த்தால் பல்வலி என்பார்கள். தாடையோடேயே வாழ்கிறவள் அவள். அவர் கீழ்த்தாடையை இறுக்கியிருந்த விதத்தில் அது பல் இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

சட்டைப் பையைத் தட்டினார், பேன்ட் பையைத் தட்டினார். சாவி இல்லை. மணியை அடித்தார்.

கதவு திறக்கவில்லை.

"திறடா," என்றாள் அம்மா, வாய்விட்டு. "உள்ளதானேடா இருக்கே, திற!"

இன்னொரு தடவை அடித்தார். அப்போதுதான் ஷூவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் மெதுவாகக் குனிந்து, திசைக்கொன்றாகக் கிடந்த ஷூவை எடுத்துச் சுவரோரமாகச் சேர்த்து வைத்தார். நிமிர்ந்து கேமராவைப் பார்த்தார். வீட்டில் யாருக்காவது சேதி சொல்ல வேண்டுமென்றால் அவர் அந்தக் கேமராவிடம்தான் பேசுவார்.

"மாத்திரையை மறந்துட்டேன்டா, சின்னவனே," என்றார். மூச்சு வாங்கியது. "சரி சரி. தூங்கறேன்னா தூங்கு. வழியில வாங்கிக்கறேன்." நிறுத்தினார். "வேலை போனது எனக்குத் தெரியும். உங்க ஆபீஸ் லிஃப்டை நான்தானே பார்க்கறேன், போன வாரமே சொல்லிட்டாங்க. அதுக்குப் போய் ஒளிஞ்சுக்குவாங்களா, பைத்தியக்காரா? ராத்திரி பேசிக்கலாம். அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

பையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். மருந்துக் கடைக்கு எதிரே இருக்கிற பெஞ்சை நோக்கி.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் இல்லை.

சாப்பாட்டு மேஜையில் மாத்திரை டப்பா இருந்தது. கதவிலிருந்து நாலெட்டு இருக்குமா? எட்டி எடுத்துக் கொடுத்திருந்தால்! அம்மாவுக்கு அவனைத் தூக்கி வளர்த்த கையாலேயே அறைய வேண்டும் போல் இருந்தது. அவர் ஷூவைச் சேர்த்து வைத்த இடத்துக்குப் பதிவைத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்தினாள். அவர் குனிந்தபடி நின்றார்.

மணி அடித்தது.

பதிவை நிறுத்தித்தானே வைத்திருக்கிறாள்? தூக்கிவாரிப் போட்டது. திரையின் மூலையில் வாசல் இப்போது இருக்கிற இருப்பு சின்னதாக ஓடிக்கொண்டிருந்தது. சின்னவன் நின்றான், வெறுங்காலோடு, தலையைக் குனிந்துகொண்டு. அவர் நின்ற அதே இடம். போன வேகத்தில் சாவியை எடுத்துப் போகவில்லை.

அம்மா எழுந்து கதவுவரைக்கும் போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். கை நகரவில்லை. நிற்கட்டும் என்று ஒரு மனசு சொன்னது. கதவுக்கு உள்ளே ஒருத்தர் மூச்சுக் காட்டாமல் எப்படி நிற்க முடியும் என்று கேட்டுக்கொண்டிருந்தவள், இதோ அப்படித்தான் நின்றாள். அது எவ்வளவு சுலபம் என்று தெரிந்ததும் அவளுக்குப் பயமாகிவிட்டது.

மணி இரண்டாவது தடவை அடித்தது. மூன்றாவது தடவைக்கு அவர் நிற்கவில்லை.

படாரென்று திறந்தாள்.

"போன்ல பார்த்தேம்மா," என்றான் சின்னவன். உள்ளே வரவில்லை. "அப்பா நின்னதை உள்ளே உக்காந்து போன்ல பார்த்துக்கிட்டிருந்தேன். வேலை போனதைச் சொல்லத் தைரியம் இல்லை. போன் சத்தம் வெளிய கேட்டுடும்னு அமுக்கி வெச்சிருந்தேன். அப்பா ஏதோ பேசினார். என்னன்னு கேக்கலை. அப்புறம் போட்டுக் கேக்க எனக்கு… முடியலைம்மா. என்ன சொன்னார்?"

ஒரு வருஷமாக இவன் அந்த வாய் அசைந்ததை மட்டும் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறான். அம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். தாடை அவருடைய தாடை. இப்போதும் இறுகியிருந்தது.

"வேலை போனது தெரியும்டான்னார்," என்றாள். "அதுக்கு ஏன் ஒளிஞ்சுக்கறேன்னார். ராத்திரி பேசிக்கலாம், அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்னார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"எதுக்குத் திரும்பி வந்தாராம்?"

"அதெல்லாம் சொல்லலை. ஏதோ எடுக்க மறந்திருப்பார்." பொய் நாக்கில் ஒட்டாமல் வந்தது. "ஷூவைச் சேர்த்து வெச்சுட்டுப் போனார். நீ கண்டபடி கழற்றிப் போட்டிருந்தே."

சின்னவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அம்மா அவன் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அந்த நிமிஷத்தில் முடிவு பண்ணிவிட்டாள். அந்த டிக் அப்படியே இருக்கட்டும். விடிந்ததும் பெட்டி ஒரு தடவை செருமும், அந்த நாளையும் எடுத்துப் போட்டுவிடும். அவர் வாசலில் நிற்கிற கடைசி நாள் அது. அவளுக்கென்று மிச்சம் இருப்பதும் அது ஒன்றுதான். போகட்டும். இவன் இருக்கட்டும்.

"வழி விடுங்க, வழி விடுங்க! கை போயிடுச்சு எனக்கு!"

பெரியவள் புதுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க மேலே ஏறி வந்தாள். வாசலில் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கும் கண் கலங்கியது. அப்பா நாள் அல்லவா, அதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

"அழாதடா," என்று தம்பியின் முதுகைத் தட்டினாள். "டிஸ்க் அக்கா எல்லாம் சொல்லிக் குடுத்துட்டா. பழசுல இருக்கறதை ஒண்ணு விடாம இதுக்குக் காப்பி போட்டு, தனியா இன்னொரு காப்பியும் எடுத்துடறேன். இனிமே அப்பாவை யாராலயும் அழிக்க முடியாது. கம்ப்யூட்டர் திறந்துதானே இருக்கு?"

"இரு, நான் வரேன்," என்றாள் அம்மா. தோளில் இருந்த பாரத்தை விட்டுவிட்டு நகர முடியவில்லை. "கொஞ்சம் இருடி! தொடாதே!"

பெரியவள் அதற்குள் அறைக்குள் போய்விட்டாள். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"ஐயோ, அப்பா!" என்றது அவள் குரல் உள்ளிருந்து. "அம்மா, அப்பா குனிஞ்சு நிக்கறார்! இது எந்த நாளு?"

மவுஸ் சொடுக்கியது. மூச்சு வாங்குகிற சத்தம் முதலில் வந்தது. அடுத்து அந்தக் குரல், ஒரு வருஷத்துக்குப் பிறகு, நடை வழியாக வாசல்வரைக்கும் தெளிவாக வந்தது.

"மாத்திரையை மறந்துட்டேன்டா, சின்னவனே."

சின்னவன் அழுகையை நிறுத்தினான். சாப்பாட்டு மேஜையைப் பார்த்தான். அம்மாவின் கையை விட்டான்.